போலீஸ் விளையாட்டும் மாமாவின் பாஸ்போர்ட்டும்

கம்ப்யூட்டருக்கு உறை தைத்துப் போட்ட ஆட்கள் நாம். தலைக்குச் சாயம் அடித்து வயதை மறைக்கிற என் வயதுக்காரர்கள் யாரும் இதை மறுக்க முடியாது. மானிட்டருக்கு ஒன்று, சிபியூவுக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று. அந்த அறைக்குள் செருப்போடு போனால் திட்டு விழும். வைரஸ் என்பது தூசியில் வருகிற ஏதோ ஒன்று என்று பெரியவர்கள் நம்பினார்கள், நாமும் திருத்தவில்லை. எங்கள் வீட்டு உறைகள் அம்மாவின் பழைய நைட்டியில் தைத்தவை. வெளிர்நீலத்தில் மஞ்சள் பூ. அதை உருவி மடித்து வைத்து, பொத்தானை அழுத்தி, உள்ளே காற்றாடி சுற்றத் தொடங்கும் சத்தத்தைக் கேட்டபடி காத்திருந்த அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றைக்கு எனக்கே பொறாமையாக இருக்கிறது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்களில் ஒன்று அது. எனக்குப் பதினொரு வயது. வீடு மேற்குத் தாம்பரத்தில். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தாவுக்குக் கடைத்தெருவில் பைப்பும் குழாயும் விற்கிற கடை. மாமா அம்மாவின் ஒரே தம்பி, ஏசி மெக்கானிக். பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் அவரை வளர்த்ததே அம்மாதான். கல்யாணப் பேச்சின்போதே, என்னோடு என் தம்பியும் வருவான் என்று அத்தாவிடம் சொல்லிவிட்டு வந்தவள். பிறகு மாமா தொழில் கற்றுக்கொண்டு படப்பையில் ஒரு பட்டறையில் மூன்று வருடம் வேலை பார்த்தார். அங்கேயே மாடியறையில் தங்கிக்கொண்டார். அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு கம்ப்யூட்டருமாக எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தார். ஏதோ ஆபீஸில் ஏசி மாட்டப் போன இடத்தில், தூக்கிப் போட வைத்திருந்ததைக் கேட்டு வாங்கியது. மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

“பொண்ணு பாருடான்னா பொட்டியத் தூக்கிட்டு வந்து நிக்கிறான்” என்றார் அத்தா.

கம்ப்யூட்டரோடு ஒரு சிடியும் வந்தது. மாமாவின் கூட்டாளி கொடுத்தது. அதன்மேல் மார்க்கர் பேனாவால் ‘கேம்ஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தது. உள்ளே நாலு பாகமாக ஒரு போலீஸ் விளையாட்டு இருந்தது. உங்களில் சிலர் ஆடியிருப்பீர்கள். பலர் பத்தே நிமிடத்தில் மூடியிருப்பீர்கள், ஏனென்றால் அதில் சுடுவதற்கு ஆளே கிடைக்காது. ரோந்து போலீஸாகத் தொடங்கும் ஒருவனை, பாகத்துக்குப் பாகம் பதவி உயர்த்தி, துப்பறிகிறவன் வரைக்கும் நாம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். முதல் பாகத்தில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் டைப் அடித்துத்தான் சொல்ல வேண்டும். கதவைத் திற. காரில் ஏறு. லைசென்ஸைக் கேள். ஓர் எழுத்து தப்பினாலும் எனக்குப் புரியவில்லை என்று சொல்லிவிடும். அடுத்தடுத்த பாகங்களில் மவுஸ் வந்தது, படம் அழகானது. ஆனால் அதன் கண்டிப்பு மட்டும் குறையவில்லை.

எதை எதற்கு முன்னால் செய்வது என்கிற முறைதான் அந்த விளையாட்டின் உயிர். அந்த முறைகளெல்லாம் எழுதிய புத்தகம் ஒன்று பெட்டியோடு வருமாம். எங்களுக்கு வந்தது வெறும் சிடி. ஆகவே நாங்கள் செத்துச் செத்துத்தான் கற்றுக்கொண்டோம். விலங்கு மாட்டாமல் ஆளைச் சோதித்தால் கத்தியை எடுத்துவிடுவான். ஜெயிலுக்குள் நுழையும் முன் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டி வைக்காவிட்டால் கைதி பிடுங்கிச் சுடுவான். சிவப்பு விளக்கைத் தாண்டினால் லாரி. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் ஒரு கட்டம் தோன்றி, நீ செய்த தப்பு இன்னது என்று வாத்தியார் மாதிரி பாடம் நடத்தும். நான் வாசித்து மாமாவுக்குத் தமிழில் சொல்வேன். நான் இங்கிலீஷ் மீடியம், மாமா தமிழ் மீடியத்தில் எட்டாவது. கற்றதையெல்லாம் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நம்பர் போட்டு எழுதி வைத்தேன். அதற்குக் ‘கேஸ் நோட்டு’ என்று பெயர்.

காரை எடுத்தவுடனே டயர் வெடித்து ஆட்டம் முடிந்துபோய்க்கொண்டே இருந்தது. காரணம் கண்டுபிடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. வண்டியில் ஏறும் முன் அதை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டுமாம். அவ்வளவுதான். மாமா மேஜையில் தட்டிச் சிரித்தார். மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தன் பழைய பைக்கையும் அப்படியே ஒரு சுற்று சுற்றினார். நான் பின்னாலேயே நோட்டும் பேனாவுமாகச் சுற்றினேன். அதுவே வழக்கமாகிவிட்டது. எதிர்வீட்டு ஆட்டோக்கார அண்ணன் பல் விளக்கிக்கொண்டே பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்.

“இன்னா பாய், தெனிக்கும் வண்டிய சுத்திகினு கீற. இன்னா, கோயிலா அது?”

“டயரு பாக்குறேண்ணா. கம்ப்யூட்டர்ல சொல்லுச்சு.”

“டயரு பாக்குறதுக்குக்கூட கம்ப்யூட்டர் சொல்லணுமா? பேஜாரா கீது பாய் உன்னோட.”

மாமா அந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் இருந்தது. ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் ஏசி வேலை பேசி வைத்திருந்தார்கள். போனில் இங்கிலீஷில் நாலு கேள்வி கேட்பார்களாம். மாமா இங்கிலீஷ் கற்றுக்கொண்டது அந்தப் போலீஸ்காரனிடம்தான். சாப்பாட்டுத் தட்டை நீட்டினால் அம்மாவைப் பார்த்து, “மேடம், ப்ளீஸ் ஸ்டெப் அவுட் ஆஃப் தி வெஹிக்கிள்” என்பார். அம்மாவுக்கு ஒன்றும் புரியாது. “சோத்தத் தின்னுடா கிறுக்கா” என்பாள்.

ஷார்ஜாவுக்குப் பின்னால் கோவளம் இருந்தது. கோவளத்தில் மீன் வியாபாரி ஒருவரின் மகளை மாமாவுக்குப் பேசி முடித்திருந்தார்கள். எனக்கு மாமியாக வர இருந்தவர். ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். கையில் மருதாணி சிவந்திருந்தது, என் தலைமுடியைப் பிரித்துப் புதிதாகப் பின்னிவிட்டார், இழுக்காமல் பின்னினார். அவருடைய அக்காமார் வீட்டுக்காரர்கள் எல்லோரும் வளைகுடாவில் இருந்தார்கள். அதனால் அவருடைய அத்தா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். பாஸ்போர்ட்டும் விசாவும் கையில் வரட்டும், அடுத்த வெள்ளிக்கிழமை நிக்காஹ். ரம்ஜானுக்குள் வராவிட்டால் வேறு இடம் பார்ப்போம்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. மறைக்கவும் தெரியாது அவளுக்கு. “இங்கயே ஊர் பூரா ஏசி மாட்டுறானுங்க. இவன் மட்டும் கடல் தாண்டிப் போய்த்தான் மாட்டணுமா?” என்று முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே சொல்வாள். மாமா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒருமுறை, “அக்கா, நீ மனசார துஆ செஞ்சாத்தான் நான் போய்ச் சேருவேன்” என்றார். அம்மா முறத்தைத் தட்டிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். இந்தச் சின்ன விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை. மாமா வைத்துக்கொண்டார், அதுதான் பிரச்சினை.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்ட ஏஜெண்ட், கடைசி ஒரு வருடத்தில் தங்கிய இடங்களையெல்லாம் காட்டச் சொல்லும் இடத்தில் எங்கள் வீட்டு விலாசத்தை மட்டும் போட்டார். படப்பையையும் சேர்த்தால் இரண்டு ஸ்டேஷனிலிருந்து விசாரணை வரும், இழுக்கும் என்றார். ரேஷன் கார்டில் மாமா பெயர் எங்கள் வீட்டில்தான் இருந்தது. யாருக்கும் இது பொய்யாகப் படவில்லை. போலீஸ் வந்து கேட்டால் எப்போதும் இங்கேதான் இருக்கிறான் என்று சொல்ல வேண்டும், அவ்வளவே. அத்தாவுக்குச் சொன்னார்கள், அம்மாவுக்குச் சொன்னார்கள், எதிர்வீட்டு அண்ணனுக்குக்கூடச் சொன்னார்கள். எனக்குச் சொல்லவில்லை. பகலில் நான் பள்ளிக்கூடத்தில்தானே இருப்பேன்.

அந்த வாரம் நாங்கள் விளையாட்டில் கோர்ட்டுக்கு வந்திருந்தோம். ஆளைப் பிடித்து, விலங்கு போட்டு, சாட்சிப் பொருட்களையெல்லாம் பையிலிட்டு ஒப்படைத்து, எல்லாம் சரியாகச் செய்தும் நீதிபதி அவனை விடுதலை செய்துவிட்டார். அறிக்கையில் நாங்கள் ஒரு விவரத்தைத் தப்பாக எழுதியிருந்தோம். மறுபடி ஆடினோம், மறுபடி வேறொரு இடத்தில் தப்பு, மறுபடி விடுதலை. நான் அழுதேவிட்டேன். மாமா என் தலையில் கைவைத்து, “பாத்தியா பாப்பா, மத்ததெல்லாம் சரியா இருந்தும் பிரயோஜனம் இல்ல. ஒரு தேதி தப்பாச் சொன்னா மொத்தக் கேஸும் போச்சு” என்றார். நான் அதை நோட்டில் சிவப்பு மையில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

இரண்டு நாள் கழித்து நல்ல மழை. பள்ளிக்கூடம் விடுமுறை. தெருவில் முழங்கால் தண்ணீர். காலை பதினொரு மணி இருக்கும், மழைக்கோட்டு போட்ட போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்தினார். மாமா வேலைக்குப் போயிருந்தார், அத்தா கடையில். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நாற்காலி போட்டாள், டீ கொண்டுவந்தாள். அவர் பிளாஸ்டிக் கவரிலிருந்து ஃபைலை எடுத்து, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டபின்தான் திறந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அவர்மேல் மதிப்பு வந்துவிட்டது. முறை தெரிந்த ஆள்.

“உங்க தம்பி எத்தனை வருஷமாம்மா இந்த அட்ரஸ்ல இருக்காரு?”

“எப்பவும் இங்கதான் சார். நான் வளத்த புள்ள.”

“நடுவுல வேற எங்கயும் தங்கலையே?”

“இல்ல சார். இங்கதான்.”

அவர் எழுதத் தொடங்கினார். அம்மா தேதியைத் தப்பாகச் சொல்லிவிட்டாள், மாமாவின் கேஸ் போகப்போகிறது என்று நான் நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். கதவோரத்திலிருந்து முன்னால் வந்து நின்று, வகுப்பில் பதில் சொல்வதுபோல் கைகட்டிக்கொண்டு சொன்னேன்.

“சார், இல்ல சார். எங்க மாமா ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அப்புறம்தான் இங்க வந்தாரு. அதுக்கு முன்னாடி மூணு வருஷம் படப்பையில இருந்தாரு. பட்டறை மாடியில.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை, டீ தம்ளரைப் பார்த்தாள். போலீஸ்காரர் பேனாவைக் கொஞ்ச நேரம் தாளுக்கு மேலேயே பிடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

“எத்தனாவதும்மா படிக்கிற?”

“ஆறாவது சார்.”

“நல்லாப் படி” என்றார். பிறகு அம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “காதுல கேட்டுட்டேன்மா. எழுதித்தான் ஆகணும். தப்பா நெனச்சுக்காதீங்க.”

அவர் போனபிறகு அம்மா என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. கதவைச் சாத்தினாள். அதற்கு முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்தாள். நான் செய்தது என்னவென்று மெதுவாக எனக்கு விளக்கினாள். விளங்கியதும் குளியலறைக்கு ஓடினேன். அம்மா பின்னாலேயே வந்து என் முகத்தைக் கழுவிவிட்டு, முக்காட்டு முனையால் துடைத்துவிட்டு, “இதப் பாரு. நான்தான் வாய் தவறிச் சொல்லிட்டேன்னு மாமாகிட்ட சொல்லிக்கிறேன். நீ வாயத் திறக்கக் கூடாது. உன்மேல அவனுக்குக் கசப்பு வந்தா உசுரு உள்ளவரைக்கும் போகாது. நான் அவன் அக்கா. என்மேல ரெண்டு நாள் கோவமா இருப்பான், மூணாம் நாள் சோறு போடுன்னு வந்து நிப்பான்” என்றாள்.

அந்த வீட்டில் மாமாவை அம்மாவைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

தபால் வந்தது. படப்பையில் பட்டறை மாடியில் மூன்று வருடம் தங்கியதை மறைத்ததாக எழுதி, விளக்கம் கேட்டிருந்தார்கள். ஏஜெண்ட் போனை எடுப்பதையே விட்டுவிட்டார். விளக்கம் எழுதி, அலைந்து, மறுபடி விண்ணப்பித்து, அது ரம்ஜானையும் தாண்டி அடுத்த வருடத்துக்குள் போயிற்று. ஷார்ஜா வேலைக்கு வேறொருவர் போனார். கோவளத்தில் சொன்னபடியே வேறு இடம் பார்த்தார்கள். தலை பின்னிவிட்ட அந்த அக்காவை நான் மாமி என்று கூப்பிடவே இல்லை.

தபால் வந்த அன்று மாலை மாமா கூடத்தில் நின்றபடியே அம்மாவிடம் கேட்டார். நான் அங்கேயே தரையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, உண்மையச் சொல்லு. வேணும்னே சொன்னியா?”

“வாய் தவறிடுச்சுடா.”

“படப்பை, பட்டறை மாடி, மூணு வருஷம். இவ்வளவுமா வாய் தவறும்?”

மாமா என் பக்கம் திரும்பினார். சாட்சியைத் தேடுகிற முகம் அது, எனக்கு அது நன்றாகத் தெரியும், எத்தனையோ நாள் சேர்ந்து தேடியிருக்கிறோம்.

“பாப்பா, நீ வீட்லதானே இருந்த அன்னிக்கு? என்ன நடந்துச்சு?”

“நான் தூங்கிட்டு இருந்தேன் மாமா.”

முன்பின் தெரியாத போலீஸ்காரரிடம் ஒரு தேதியைத் திருத்தாமல் இருக்க முடியாதவள், என்னைத் தூக்கி வளர்த்தவரிடம் கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்பப் பெற முடியுமானால் என் ஆயுளில் பத்து வருடத்தைக் கொடுத்துவிடுவேன்.

அந்த வார இறுதியில் மாமா டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு கோவிலம்பாக்கத்துக்குப் போய்விட்டார். கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனார். அத்தாவுக்கு அதன்மேல்தான் ஆத்திரம் எல்லாம். இந்தக் கேமையே கட்டிக்கொண்டு அழுததால்தான் அவன் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்யவில்லை என்றார். சிடியை ஒடித்துக் குப்பையில் போட்டார். அவர் சொன்னதில் பாதி உண்மை, அவருக்கே தெரியாத பாதி. கேஸ் நோட்டை நானே கிழித்து, மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த சாக்கடையில் விட்டேன். உறை மட்டும் ரொம்ப நாள் இருந்தது. அம்மா அதைத் துவைத்துத் துவைத்துப் போட்டாள், திறக்காத கம்ப்யூட்டருக்கு.

மூன்றாம் நாள் மாமா சோற்றுக்கு வரவில்லை. முப்பதாம் நாளும் வரவில்லை.

ஒவ்வொரு பெருநாளுக்கும் அம்மா எவர்சில்வர் தூக்கில் பிரியாணி வைத்து என்னிடம் கொடுத்தனுப்புவாள். இரண்டு பஸ் மாறிப் போய்க் கொடுப்பேன். மாமா என்னிடம் பிரியமாகப் பேசுவார், படிப்பைக் கேட்பார், தூக்கை வாங்கிக்கொள்வார். நம் வீடுகளில் வந்த பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்பித் தரமாட்டோம், ஒரு கைப்பிடிச் சர்க்கரையாவது போட்டுத் தருவோம். மாமா அதைச் சுத்தமாகக் கழுவித் துடைத்து வெறுமனே தருவார். அம்மா வாங்கியதும் மூடியைத் திறந்து பார்ப்பாள். எத்தனை பெருநாள் அந்தத் தூக்கைத் திறந்தாள் என்று எனக்குத் தெரியும். வழியில் ஒரு கடையில் நானே சர்க்கரை வாங்கிப் போட்டுவிடலாமா என்று ஒருமுறை யோசித்தேன். இன்னொரு பொய்யா என்று விட்டுவிட்டேன். அந்த விஷயத்தில்தானா எனக்கு நேர்மை வர வேண்டும்?

கல்லூரி முடித்த வருடம், நான் போய் மாமாவிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். “இப்ப சொன்னா ரெண்டு பேரும் சேந்து என்னை ஏமாத்தினீங்களான்னு உன்னையும் விட்டுடுவான். உன்கிட்டயாவது பேசுறான். அதையும் கெடுத்துக்காத.” எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் அதை எழுதாமல் இதை எழுதுவதில் அர்த்தமே இல்லை. அவள் சொன்ன சொல்லைக் கேட்ட நல்ல பெண்ணாக நான் பல வருடம் இருந்தேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை முற்றிச் சிறுநீரகத்தில் போய் முடிந்தது. மாமா ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை வந்தார். அவர் வந்தபோது அம்மாவுக்கு நினைவில்லை. அம்மா இறந்த அன்று ஜனாஸாவில் சந்தூக்குப் பெட்டியின் முன்பக்கத்தை அவர்தான் தோளில் தாங்கினார், யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை என்று சொன்னார்கள்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா முடிந்து எல்லோரும் போனபிறகு மாமா கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். தாடி முழுக்க வெள்ளை. நான் எதிரில் தரையில் உட்கார்ந்து சொன்னேன். மழை, மழைக்கோட்டு, அம்மா சொன்ன பதில், நான் முன்னால் வந்து நின்றது, படப்பை என்று சொன்னது நான்தான் என்பது, தூங்கவில்லை என்பது. ஒரு விவரம் விடாமல் சொன்னேன்.

அவர் தொப்பியைக் கழற்றி மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

“அக்கா ஒரு தடவகூட என்னை மன்னிச்சுக்கடான்னு கேக்கல பாப்பா” என்றார் கடைசியில். “வாய் தவறினவ கேட்டிருப்பா இல்ல? கேக்கலையே, அப்ப வேணும்னுதான் சொல்லியிருக்கான்னு நெனச்சேன். எத்தனையோ நாள் தெருமுனை வரைக்கும் வந்திருக்கேன். கேட்டுட்டா உள்ள போயிடலாம்னுதான் வருவேன்.”

அவளால் எப்படிக் கேட்க முடியும்? செய்யாத தப்பைச் செய்தேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டாள். அதற்கு மன்னிப்பும் கேட்கிற அளவுக்கு என் அம்மாவுக்குப் பொய் வராது. அது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

“என்னை மன்னிச்சிடுங்க மாமா” என்றேன்.

மாமா எட்டி என் காதைப் பிடித்தார். சிறுவயதில் பிடிப்பதுபோல வலிக்காமல் பிடித்தார். “போ லூசு. பதினொரு வயசுப் பொண்ணு மேல யாருக்காவது கோவம் வருமா? அன்னிக்கே சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன்” என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் வாய் கோணியது. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

என்னை மன்னிக்க அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அம்மா அந்த ஒரு நிமிடத்துக்காகப் பதினேழு வருடம் காத்திருந்தாள், அது என்னிடம் இருந்தது.